மேல் முற்றத்தில் ஓரிடம்

கல்லூரி மாணவர்கள் கார் வைத்திருப்பதற்கும் நிறுத்துவதற்குமான விதிகள் மொத்தம் பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்வேன். தமிழில் எழுதியவன் நான். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்தவனும் நான். ரோனியோ மெஷினின் கைப்பிடியைச் சுற்றி, மை பூசிய விரல்களோடு அறிவித்தல் பலகையில் ஒட்டியவனும் நானேதான். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கும் இந்த வயதில் எனக்குப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகிறது, மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகிறது. நான்காம் விதி மட்டும் ஒரு சொல் குறையாமல் அப்படியே நிற்கிறது.

“வாகனம் மாணவரின் அல்லது அவரது பெற்றோரின் அல்லது வாழ்க்கைத்துணையின் பெயரில் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.”

அது ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி. கண்டி நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு மலைச் சரிவில் இருந்தது. கீழே வீதியை ஒட்டி விளையாட்டு மைதானம். மேலே வகுப்புகளும், நான் கிளார்க்காக இருந்த கந்தோரும். இரண்டுக்கும் நடுவில் நேர் செங்குத்தாகக் கருங்கல் படிகள். கார்ப்பாதை தனியாக மலையைச் சுற்றிக்கொண்டு மேல் முற்றத்துக்கு வந்து சேரும். முற்றத்தில் பதினைந்து வாகனங்கள் தாராளமாக நிற்கலாம். அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டுமானால் கண்ணாடியில் அனுமதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத மாணவர் கீழே மைதானத்து ஓரம் காரை விட்டுவிட்டுப் படியேற வேண்டும். ஸ்டிக்கர் என் மேசை லாச்சியில் இருந்தது. லாச்சியைப் பூட்டும் திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது.

பயிற்சிக்கு வருகிறவர்களில் கார் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அதற்கு ஏன் பன்னிரண்டு விதி என்று கேட்டால், எல்லாம் ஒரு ஜீப் செய்த வேலை. யாரோ ஒரு மாணவன் யாருடையதோ ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து அதிபரின் ரோசாப் பாத்தியில் ஏற்றிவிட்டான். ஜீப் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் கல்லூரியே அல்லோலகல்லோலப்பட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பன்னிரண்டும், முக்கியமாக நான்காம் விதியும் வந்தன. அதிபர் சிங்களத்தில் சொன்னார், நான் தமிழிலும் எழுதினேன். எழுதி முடித்ததும் ஏதோ அரசியலமைப்பையே எழுதிவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இருபத்தேழு வயது, புது உத்தியோகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று தமிழ் மாணவர்கள் எனக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தபோதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கந்தோரில் நான் ஒருவன்தான் தமிழ். என் பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர். தன் வீட்டுப் பலாக்காய்க் கறியில் பாதியை என் தட்டில் போடாமல் சாப்பிட மாட்டார். ஒருமுறை தமிழ் மாணவர்கள் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து ஸ்டிக்கர் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தன. அவர் சிரித்துக்கொண்டே, என்னைப் பெரிய துரை போல ‘மாத்தயா’ என்று விளித்து, சிங்களத்தில் சொன்னார், “மாத்தயாவின் பேனாவில் தமிழுக்கு மை நன்றாக இறங்குகிறதே!” வேடிக்கைக்குத்தான் சொன்னார், சொன்ன கையோடு மறந்தும் போனார். எனக்கு அது உள்ளே போய் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து தமிழ்ப் படிவம் வந்தால் இரண்டு தரம் பார்ப்பேன். சிங்களப் படிவத்தில் ஒரு திகதி விடுபட்டிருந்தால் கூப்பிட்டு எழுதச் சொல்வேன். தமிழ்ப் படிவத்தில் விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்புவேன். இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். அது நேர்மை அல்ல, பயம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம்தான் என் தங்கச்சிக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது.

அவளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு இரும்புப் பட்டியும் தோல் வாரும் பூட்டிக்கொண்டுதான் நடப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் தண்டவாளம். “கொஞ்சம் பொறுங்க, தண்டவாளம் போட்டுட்டு வர்றேன்” என்பாள். அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அப்பா, நான், அவள் மூன்று பேர்தான். கணக்கில் அவள் புலி. கணக்கு டீச்சராக வேண்டும் என்பது எட்டு வயதில் பிடித்த பிடிவாதம். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கரியால் சுவரில் கணக்குப் போட்டுக் காட்டி, அப்பாவிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள்.

அப்பா பாலத்துக்குக் கிட்ட ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். வைத்திருந்தார் என்று சொல்கிறேனே தவிர, கடை லைசன்ஸில் அப்பாவின் பெயர் இல்லை. பக்கத்தில் கராஜ் வைத்திருந்த நானாவின் பெயர் இருந்தது. முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் நானாதான். வீட்டுக் கரண்ட் பில்லும் நானாவின் பெயரில் வரும். அப்பா வாங்கிய சாம்பல் நிற மொரிஸ் மைனர் காரும் நானாவின் பெயரில்தான் இருந்தது. பணம் அப்பாவுடையது, பெயர் நானாவுடையது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் ஆட்களிடம் கேட்டால் தெரியும், எத்தனை வீட்டில் இந்தப் பழக்கம் இருந்தது என்று.

அப்பா, இந்திய வம்சாவளி என்று பிரஜாவுரிமை இல்லாமல், பாதி ஆயுள் நாடற்றவராக இருந்தவர். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, கஷ்டப்பட்டு உழைத்து ஒரு லொறி வாங்கித் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தார். இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. லொறியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கண்டி ஸ்டேசனில் ரயில் ஏறிப் போனவர்தான். பிறகு இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். பின்னாளில் கலவரம் வந்தபோது எங்கள் வரிசையில் மூன்று தமிழ்க் கடை எரிந்தது. எங்கள் கடைக்கு முன்னால் நானா கதவில் முதுகை வைத்துக்கொண்டு, “இது எண்ட கடை” என்று நின்றார். லைசன்ஸைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் போய்விட்டது. நம் பெயரில் இல்லாததை நம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாது என்பது அதன் பிறகு அப்பாவுக்கு வேதவாக்காகிவிட்டது. பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்த பிறகும் அவர் எதையும் தன் பெயருக்கு மாற்றவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

தங்கச்சி கார் ஓட்டப் பழகியது நானாவால்தான். இடது காலால் கிளச் மிதிக்க முடியாதென்று, அதைக் கையால் இழுத்து அமுக்குகிற மாதிரி ஒரு இரும்புக் கைப்பிடியைத் தானே வளைத்துப் பூட்டிக் கொடுத்தார். மகாவலி ஆற்று ஓரத்து வெளியில் அவளை ஓட்டவிட்டு, பக்கத்துச் சீட்டில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் “அல்லாஹ்! அல்லாஹ்!” என்று கத்துவார். அவள் முறையாக லைசன்ஸும் எடுத்தாள். பஸ்ஸில் ஏறி இறங்க அவளால் முடியாது. கார் இருந்தால்தான் கல்லூரி, கல்லூரி இருந்தால்தான் டீச்சர். கணக்கு அவ்வளவு நேரானது.

கல்லூரி தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இங்க பாரு, ஆபீஸ்ல வந்து அண்ணே கிண்ணேன்னு கூப்பிட்டுறாத.”

“ஏன், அங்க ஒங்களுக்கு வேற பேரா?”

“என் தங்கச்சின்னு தெரிஞ்சா, எல்லாம் நான்தான் செஞ்சு குடுத்தேன்னு பேசுவாங்க. ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.”

“அப்ப என்னன்னு கூப்பிடுறது?”

“எல்லாப் பிள்ளைகளும் வாத்தியார்மார கூப்பிடுற மாதிரி. சேர்னு கூப்பிடு.”

அவள் துணியைப் பிழிந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். “சரிங்க சேர். காலை எடுங்க சேர், தண்ணி படும்” என்றாள். நானும் சிரித்தேன். ஒரே வீட்டிலிருந்து போகிறோம் என்றாலும் நான் அவளோடு காரில் போகப் போவதில்லை என்றும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. “சீட்டு சும்மா தானே கெடக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

முதல் வாரத்தில் அனுமதி கேட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும், “சேர், இது கார் பெர்மிட்டுக்கு” என்று நீட்டினாள். முகத்தில் ஒரு குறும்பு கிடையாது, அவ்வளவு சரியாக நடித்தாள். பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் நானாவின் பெயரை எழுதி, மாணவருக்கு உறவு என்ற இடத்தில் “அயலவர்” என்று எழுதியிருந்தாள். பொய் எழுதத் தெரியாதவள். தகப்பன் பெயரும் கட்டுகஸ்தோட்டை விலாசமும் என்னுடையதேதான். ஆனால் தமிழ்ப் படிவங்களை நான் ஒருவன்தான் பார்ப்பேன். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

பதினோராம் விதி என்று ஒன்று இருந்தது. உடல்நிலை முதலிய சிறப்புக் காரணங்களுக்கு உப அதிபர் விலக்கு அளிக்கலாம் என்பது அது. நான் அந்தப் படிவத்தின் மூலையில் “கால் இயலாதவர், விலக்குக்குச் சிபாரிசு” என்று நாலு சொல் எழுதி உள்ளே அனுப்பியிருந்தால் போதும். பேனாவை எடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் தற்செயலாக என் பக்கம் திரும்பினார். அவர் பார்த்தது என்னையா, சுவர் மணிக்கூட்டையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பேனாவை வைத்துவிட்டு முத்திரையை எடுத்து “நிராகரிக்கப்பட்டது, விதி 4” என்று குத்தினேன்.

“வாகனம் பெற்றோர் பெயருக்கு மாறினதும் திரும்ப விண்ணப்பிக்கலாம்” என்றேன்.

“சரிங்க சேர்” என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரமே நான் அப்பாவைப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு இது நல்ல சாட்டாகவும் இருந்தது. அப்பாவின் இந்தப் பயந்த புத்தி எனக்கு எப்போதுமே பிடிக்காது. நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள், நான் அரசாங்க உத்தியோகத்தன், இன்னும் எதற்கு அடுத்தவன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்தேன்.

“காரை ஒங்க பேருக்கோ அவ பேருக்கோ மாத்துங்க. ஒரு கையெழுத்து வேல” என்றேன்.

அப்பா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “ஒன் சித்தப்பனும் அவன் பேருலதான் லொறிய வச்சிருந்தான்” என்றார்.

“அது அந்தக் காலம்.”

“கட எரிஞ்சதும் அந்தக் காலமா? நீ அப்ப பள்ளிக்கூடம் போற பையன், கண்ணால பாத்த.”

“அப்ப அவ படியேறட்டும்.”

“ஏன்டா ஏறணும்? பெர்மிட்டு ஒன் லாச்சியில தானே கெடக்கு. வேற எவனையும் கேக்கச் சொல்றேனா? ஒன் தங்கச்சிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுக்க ஒனக்கு என்ன வருது?”

“விதி இருக்குப்பா.”

“எனக்கும் ஒரு விதி இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா சுளகைத் தட்டினார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்று நான் இருந்தேன். மகன் ஒரு துண்டு எழுதினால் முடிந்துவிடும் என்று அப்பா இருந்தார். யார் முதலில் இறங்கி வருகிறார்கள் என்று பார்க்கும் போட்டியாக அது மாறிவிட்டது. நடுவில் அவள் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் அதுக்குள்ள ஏறி எறங்கிட்டு வந்துர்றேன்” என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது, “நூத்திப் பதினெட்டுப் படி அண்ணே. முப்பத்தோராவது ஒடைஞ்சிருக்கு. ஒங்க பலகையில அதையும் பதிமூணாவது விதியா ஒட்டி வைங்க, ‘பாத்து ஏறவும்’னு” என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

காலையில் நான் பாலத்தடியில் கண்டி பஸ்ஸுக்கு நிற்பேன். அவளுடைய கார் என்னைத் தாண்டிப் போகும். முதல் இரண்டு நாள் கை காட்டினாள். நான் முறைத்த பிறகு நேரே பார்த்துக்கொண்டு போகப் பழகிவிட்டாள். நான் கண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் கந்தோருக்கு வந்து சேர்ந்து, மேசையைத் துடைத்து முடிக்கும் நேரத்தில் அவள் படியின் பாதிக்கு வந்திருப்பாள். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்து வேலை. அவளுக்கு அரை மணித்தியாலம். என் ஜன்னல் நேரே படிகளைப் பார்த்துத்தான் இருந்தது. கல்லில் இரும்பு படும் சத்தம், பிறகு ஒரு மூச்சு, திரும்ப இரும்பு. இருபது படிக்கு ஒருதரம் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஏதோ கண்டி வாவியைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரி மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பாள். நோவுக்காக நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். எனக்கு அது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேல் முற்றத்தில் ஒருநாளும் எட்டு வாகனத்துக்கு மேல் நின்றதில்லை. மீதி இடத்தில் கல்லூரி நாய்கள் வெயில் காய்ந்தன. இதையும் அதே ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் ஒரு வாரத்தில் அப்பா இறங்கி வந்துவிடுவார், அதோடு எல்லாம் முறைப்படி நடந்துவிடும், யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு கிழமையும் சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை உங்களுக்குத் தெரியாததல்ல; தொடங்கினால் விட மனம் வராது. அப்பா ஒருநாள் காலையில், “இன்னைக்கு வேணாம்மா, லீவு போடு” என்றார். மாத முடிவில் சோதனை, வரவு குறைந்தால் எழுத விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள். வரவுப் பதிவேடும் என் மேசையில்தான் இருந்தது. அவள் சொன்னது சரிதான்.

அன்று நான் வந்து ஜன்னலைத் திறந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. இரும்புச் சத்தம் கேட்டது. ஒரு கையில் குடை, தோளில் பை. முப்பத்தோராம் படியைக் கவனமாகத் தாண்டிவிட்டாள். எழுபது எண்பதுக்கு வந்திருப்பாள். நான் ஒரு கோப்பு எடுக்கத் திரும்பினேன். சத்தம் நின்றது. வழக்கம்போல் மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்தேன். பிறகு குடை கல்லில் அடிபட்டுக்கொண்டே போகிற சத்தமும், அதன் பின்னால் வேறொரு சத்தமும் கேட்டன. அந்த இரண்டாவது சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

எப்படிப் படியிறங்கி ஓடினேன் என்று தெரியாது. எனக்கு முன்பே ஏழெட்டு மாணவிகள் கூடிவிட்டார்கள். அவள் பத்துப் பதினைந்து படி கீழே, கைப்பிடிச் சுவரோடு கிடந்தாள். இடது கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. இரும்புப் பட்டி வளைந்து பாவாடையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. கணக்குக் கொப்பிகள் மழைத்தண்ணீரில் கிடந்தன. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. பிறகு என்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல சேர்” என்றாள்.

அந்த வலியிலும் நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் அப்போதாவது “தங்கச்சி” என்று வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. “தூக்குங்க, தூக்குங்க” என்று மட்டும் சொன்னேன், யாரோ வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது போல.

மேல் முற்றத்தில் நின்ற உப அதிபரின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா நல்ல கண்டிப்பானவர்; நாங்கள் எல்லாரும் அவருக்குப் பயம். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கையால் முகத்தை மூடிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை உங்களுக்குத் தெரிந்தவரா என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நங்கி கியலா கிவ்வே நேனே” என்றார். தங்கச்சி என்று சொல்லவே இல்லையே. பிறகு, தங்கச்சி இல்லாவிட்டாலும், இப்படி ஒரு கால் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டிருப்பேனே என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். பக்கத்து மேசைக்காரர் மறுநாள் கேள்விப்பட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டு, “நீ என்ன மனிதன்?” என்று கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. யாருடைய பேச்சுக்குப் பயந்து இதைச் செய்தேனோ, அவரே அதைக் கேட்டார்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேசன் இரண்டு செய்தார்கள். அப்பா மூன்றாம் நாள் நானாவைக் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் கொழும்புக்குப் போனார். போய்க் காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தார். இருபது வருடமாக முடியாத காரியம் ஒரு பகலில் முடிந்தது. கையெழுத்துப் போடும்போது நானா அழுதாராம். “எப்ப கேட்டீந்தாலும் போட்டுத் தந்தீப்பேனே. ஒங்களுக்குப் பயம் போகட்டும்னு தானே நான் ஒண்டும் பேசாம ஈந்தேன்” என்றாராம். அப்பா ஸ்டேசனிலிருந்து நேரே வார்டுக்கு வந்து, கார்ப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து அவளுடைய போர்வையின் மேல் வைத்தார். நானும் அதே நாள் ஸ்டிக்கரைக் கொண்டுபோயிருந்தேன். உப அதிபர் கையெழுத்துப் போட்டது, பதினோராம் விதிப்படி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத் தகப்பனும் மகனும் சேர்ந்து ஒரு கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று செய்துகொண்டிருந்தோம்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், ஸ்டிக்கரைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஒரு வருடம் கட்டிலும் கோலுமாகப் போனது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் உட்காரலாம், இரண்டு கோல் ஊன்றி வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கலாம், அவ்வளவுதான் என்றாகிவிட்டது. வலது காலும் தளர்ந்து போனதால் கார் ஓட்டுவதும் நின்றது. நானா பூட்டிக் கொடுத்த கைப்பிடியைக் கழற்ற அப்பாவுக்கு மனம் வரவில்லை. அப்பா இறந்த பிறகு நான் காரை விற்றபோது வாங்கியவன் அதைப் பார்த்து இது என்ன பிரேக்கா என்று கேட்டான். திறப்பை அவன் கையில் கொடுத்தேன். ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டியபடியே போயிற்று. அந்தக் கார் ஒருநாளும் மேல் முற்றத்தைப் பார்த்ததில்லை.

டீச்சர் வேலை போனதே தவிர, படிப்பிப்பது போகவில்லை என்று சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. முன் அறையில் தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் அவளிடம் கணக்குப் படித்தார்கள், இப்போதும் படிக்கிறார்கள். பெரிய பரீட்சைகளில் தேறி, கல்லூரிக்குப் போய், டீச்சராக வந்தவர்களும் உண்டு. நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவள் அதை வாங்கி முழுக்க வாசிப்பாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்ப்பாள். மடித்துத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுப்பாள். நான் அந்த நேரத்தில் அறைக்குள் போக மாட்டேன்.

என்னை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பழையபடி அண்ணேதான். சேர் என்ற சொல் எங்கள் வீட்டில் பிறகு கேட்கவே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மாதம் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இப்போது என்னிடம் என் பெயரில் ஒரு சின்னக் கார் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் புதிதாக ஒரு தடைக்கம்பம் போட்டிருக்கிறார்கள். மேலே வாகனம் போக முடியாது, கீழே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும் என்று வாசலில் நின்ற இளைஞன் சொன்னான். பக்கத்தில் மூன்று மொழியிலும் விதிகள் எழுதிய பலகை ஒன்று. பழக்க தோஷம், நான் அதை மேலிருந்து கீழே வாசிக்கத் தொடங்கினேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். இளைஞன் குனிந்து பின்சீட்டைப் பார்த்து, அது யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

“மகே நங்கி” என்றேன். என் தங்கச்சி. “நடக்க முடியாது.”

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கடதாசி கேட்கவில்லை, கார் யார் பெயரில் என்று கேட்கவில்லை. கம்பத்தைத் தூக்கிவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினான்.

நான் கியரைப் போட்டேன். பின்சீட்டிலிருந்து, கோபமில்லாமல், யாரோ பிள்ளைக்குக் கணக்கின் விடையைச் சொல்லிக் கொடுப்பது போல மெதுவாக அவள் சொன்னாள்.

“சொன்னா தொறந்துடுறாங்க, சேர்.”

மேலே வண்டி நிறுத்த நிறைய இடம் இருந்தது.